வட கடல் ரிக்கில் மெடிக் வேலை: திருநெல்வேலித் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

செவிலியர் பட்டம் பெற்று 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக இருக்கிறீர்கள். வட கடலில் எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக் ஒன்றில் பாராமெடிக் (அவசர மருத்துவப் பணியாளர்) வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா, அந்த வேலை எப்படிப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் குடியேறி நெடுநாளாக இதே வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்க பிரிட்டன் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. இந்தியாவிலும் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. இவை ஒருபுறம் இருக்க, அவர் சொல்லும் வழியில் இங்கே யாரும் ரிக்குக்குப் போவதில்லை.

பிரிட்டனில் பாராமெடிக் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம். எச்.சி.பி.சி. என்ற பதிவு அமைப்பில் இடம்பெறாத எவரும் அப்படித் தம்மை அழைத்துக்கொள்ள முடியாது. 108 அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அது தானாக அந்தப் பதிவைத் தந்துவிடாது. உங்களுக்கு இருக்கும் திறந்த கதவு செவிலியர் பட்டம்தான். ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகியவற்றை முடித்து செவிலியர்களுக்கான பதிவு அமைப்பான என்.எம்.சி.யில் பதிவு செய்து, அவசரப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, பணியிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான எச்.எஸ்.இ. ஏற்ற ஆஃப்ஷோர் மெடிக் (கடல் ரிக்கின் மருத்துவப் பணியாளர்) பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். விசாவையும் மறக்க வேண்டாம். ரிக் மெடிக்குகளில் பலர் நாள் கூலி ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அத்தகைய வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைத்து விசா எடுத்துத் தரும் நிறுவனம் அரிது. எனவே மருத்துவமனை வேலையில் வந்து, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்ற பின் கடலுக்குப் போவதே நடைமுறையில் உள்ள வழி.

இதற்கு மேல் போசியட் என்று சொல்லப்படும் மூன்று நாள் கடல் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஹெலிகாப்டர் கூண்டைப் போன்ற ஒன்றில் உங்களை வாரால் கட்டிக் குளத்துக்குள் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். தாமிரபரணியில் நீந்திப் பழகியவன் என்று எழுதியிருந்தீர்கள். நல்லதுதான், ஆனால் நீச்சல் அங்கே சோதனையே அல்ல. மூக்கில் தண்ணீர் ஏறும்போதும் ஒரு கையால் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கூண்டின் அசைவு நிற்கும்வரை வாரை அவிழ்க்காமல் இருக்க முடிகிறதா என்பதையே பார்க்கிறார்கள்.

இனி வேலையைப் பற்றி. நூறு பேருக்கு மேல் இருக்கும் ரிக்கில் பெரும்பாலும் ஒரே ஒரு மெடிக்தான் இருப்பார். இரண்டு அல்லது மூன்று வாரம் கடலில், அதே அளவு வீட்டில் என்பது வழக்கமான முறை. பணி நேரம் பன்னிரண்டு மணி என்று தாளில் இருந்தாலும், கதவு தட்டப்பட்டால் எந்நேரமும் எழுந்தாக வேண்டும். காலையில் நான் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, குடிநீரை: குளோரின் அளவு, நிறம், வாடை. பிறகு சமையலறைக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலை, சூடாக வைத்திருக்கும் உணவு 63 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கிறதா என்ற சோதனை, ஆள் இல்லாத அறைகளில் லெஜியனெல்லா கிருமி தங்காமலிருக்கக் குழாய்களைத் திறந்து ஓடவிடுதல். புதிதாக வந்து இறங்குபவர்களுக்குப் பாதுகாப்பு விளக்கம் சொல்வதும், அவர்கள் கொண்டுவரும் மருந்துகளைப் பதிவு செய்வதும், ஸ்ட்ரெச்சர் குழுவுக்குப் பயிற்சி தருவதும் பல ரிக்குகளில் மெடிக்கின் தலையில்தான் விழும். இதையெல்லாம் எழுத்தர் வேலை என்று அலுத்துக்கொள்பவர் இங்கே நிலைக்க மாட்டார். 1988 ஜூலை 6 அன்று வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை விபத்தில் 167 பேர் இறந்தது, பழுதுபார்ப்புக்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பு ஒன்றை, அந்தச் செய்தி வந்து சேராத இரவுப் பணியாளர்கள் இயக்கியதில் தொடங்கியது. இன்று ரிக்கில் ஒவ்வொரு வேலைக்கும் அனுமதிச் சீட்டை இவ்வளவு கறாராகப் பார்ப்பது அந்த விபத்துக்குப் பிறகு வந்த வழக்கம்.

மருத்துவப் பகுதியில் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. 108-இல் இருப்பவரின் கை, நோயாளியை நிலைப்படுத்தி விரைவாக மருத்துவமனை சேர்ப்பதற்கே பழகியிருக்கும். இங்கே சேர்ப்பதற்கு மருத்துவமனை இல்லை. சில மணி நேரமோ முழு இரவோ அவரை நீங்களே வைத்துப் பார்க்க வேண்டும். யாரை உடனே கரைக்கு அனுப்புவது, யாரை நாளைய ஹெலிகாப்டர்வரை வைத்திருப்பது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையின் சாரம். ஓர் இளைஞர் துளையிடும் தளத்திலிருந்து கையுறை அணிந்த விரலைப் பிடித்தபடி நடந்தே வருவார். கையுறை முழுசாக இருக்கும். அதை உருவக் கூடாது, கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் நசுங்கிய விரல் நுனி அதற்குள் எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. நகத்தை அழுத்தி விட்டு இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்து, படம் எடுத்துக் கரையில் இருக்கும் மருத்துவருக்கு அனுப்பி, தொலைபேசியில் பேசி, ரிக்கின் தலைமைப் பொறுப்பாளரிடம் என் பரிந்துரையைச் சொல்வேன்.

அனுப்புவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை நார்த் எண்ணெய் மேடைக்கு அருகிலிருந்த துணைக் கப்பலில் ஒரு சமையல்காரர் விரல்களை வெட்டிக்கொண்டார். பருவமழைக் காற்றில் ஹெலிகாப்டர் பறக்க முடியாததால், அவரைக் கப்பலிலிருந்து மேடைக்கு ஏற்றத் தீர்மானித்தார்கள். நெருங்கிய கப்பல் அலையில் தடுமாறி எரிவாயுக் குழாயில் மோதியதில் தீப்பற்றி மேடையே அழிந்தது. 22 உயிர்கள் போயின. அந்தச் சமையல்காரருக்குச் சிகிச்சை தேட முயன்றது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் காயத்தின் அவசரத்தையும் கடலின் நிலையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கத் தெரியாதவர் மெடிக்காக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

மாரடைப்பு வேறு கதை. இங்கே பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். உடல்தகுதிச் சான்று போய்விடும், அதோடு வேலையும் போய்விடும் என்ற பயத்தில் நெஞ்சு வலியை மறைப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வந்து, நின்றபடியே அசிடிட்டிக்கு மாத்திரை கேட்பார்கள். அப்படிக் கேட்பவரை உட்கார வைத்து இ.சி.ஜி. எடுக்காமல் நான் அனுப்புவதில்லை. கோடையில் அபர்டீன் கரையைக் கடல்மூடுபனி சூழ்ந்துவிட்டால் மீட்பு ஹெலிகாப்டருக்கும் தாமதம் நேரலாம். கரை மருத்துவரின் குரலும் உங்கள் இரண்டு கைகளும்தான் அப்போது துணை. சிகிச்சை பெற்றவரோடு மறுநாள் ஒரே மேசையில் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதால் வாய்க் கட்டுப்பாடும் தேவை; ரிக்கில் வதந்தி பரவும் வேகத்தை நீங்கள் கற்பனை செய்ய முடியாது.

வாழ்க்கை வசதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்பாடு தாராளம், அறையைப் பெரும்பாலும் இன்னொருவரோடு பகிர வேண்டும், மது அறவே கிடையாது. குளிர்காலத்தில் காற்று வலுத்தால் ஹெலிகாப்டர் நின்றுவிடும். ஊர் திரும்பும் தேதியை வீட்டில் உறுதியாகச் சொல்ல முடியாது. பொங்கலை நான் கடலில் கழித்தது உண்டு. மனைவி வேலைக்குப் போகிறவராக இருந்து, குழந்தையும் சிறியதாக இருந்தால், இந்தப் பணிமுறை உங்களைவிட அவருக்கே கடினம். அவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

உடனடியாகக் கடல் வேலைதான் வேண்டுமென்றால் வளைகுடா ரிக்குகளையும் பாருங்கள். அபுதாபி போன்ற இடங்களில் உள்ளூர் சுகாதாரத் துறையின் உரிமமும் சான்றிதழ் சரிபார்ப்பும் கேட்பார்கள் என்பதால், 108 பணிக்கான அனுபவச் சான்றை முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். முகவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். ரிக்கின் பெயர், அதை இயக்கும் நிறுவனம், சம்பளம் தரப்போகிறவர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அவர் என்ன பதில் தருகிறார் என்று எனக்கும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.