இரண்டு நூல் போல்ட்டும் ரஷ்ய லென்ஸும்: கேள்வி பதில்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போன மாதம் ஒலிப்பதிவுக்காரர் மாட்டினார், இந்த மாதம் நான். கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாஃப்ட் கடைவது சோற்றுக்கு, குறும்படக்காரர்களுக்கு ரிக், அதாவது கேமராவைத் தாங்கும் சட்டம், செய்து கொடுப்பது பைத்தியத்துக்கு. ரிக், பழைய லென்ஸ், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். விலை கேட்காதீர்கள், அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

பல்லடத்திலிருந்து: அண்ணா, ஹீலியோஸ் 44-2 வாங்கலாம்னு இருக்கேனுங்க. கேமரா கேனான், சின்ன சென்ஸார். செட் ஆகுங்களா?

ஆகும் தம்பி. ஏன் ஆகும் என்று தெரிந்துகொண்டால் அடுத்த லென்ஸுக்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஹீலியோஸின் பின்பக்கம் 42 மில்லிமீட்டர் மரை, எம் 42 என்பார்கள். அந்த மரை வைத்த லென்ஸ் எல்லாம் சென்ஸாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். உங்கள் கேனானில் லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து (இஎஃப் மவுண்ட்) சென்ஸார் வரை 44 மி.மீ. மிச்சம் 1.46. அந்த இடத்தில்தான் இரண்டையும் இணைக்கும் வளையம், அடாப்டர், உட்காருகிறது. நிக்கான் எஃப் மவுண்டில் அதே தூரம் 46.5. அங்கே மிச்சமே கிடையாது, ஒரு மி.மீ. கடன். அதனால் பக்கத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும், தூரத்தில் இருப்பது ஆகாது. உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள்தான். ஆனால் பழைய லென்ஸின் அழகுக்காகக் காசு கொடுத்துவிட்டு, அதன் பின்னால் மட்டமான கண்ணாடியை மாட்டுவதில் என்ன இருக்கிறது? சோனி இ மவுண்டில் 18 மி.மீ. தான், ஏறக்குறைய எல்லா பழைய லென்ஸும் போகும். இந்தத் தூரத்தைப் பார்க்காமல் லென்ஸுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். இன்றைக்கு இதை இன்னும் நாலு தடவை சொல்லப் போகிறேன் என்று தெரியும்.

இன்னொன்று. ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ், உங்கள் சின்ன சென்ஸாரில் 93 மாதிரி தெரியும். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேரை வைத்துப் படம் எடுத்தால் நீங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். எல்லோரும் ஆசைப்படும் அந்தச் சுழல் பின்னணி, இலைகளுக்கு நடுவே வெளிச்சம் ஓட்டை ஓட்டையாக வந்தால்தான் வரும். ஆளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி முருங்கை மரம் இருந்தால் பிரமாதம், வெள்ளைச் சுவர் இருந்தால் ஒன்றும் கிடையாது. ஜெர்மானிய பயோட்டாரைப் பார்த்து சோவியத்தில் செய்த லென்ஸ் இது. எனக்குப் பிடித்தது சுழல் இல்லை, வெளிச்சம் புகும் துளையைத் திறந்து மூடும் அப்பர்ச்சர் வளையம். 44-2இல் டக் டக்கென்று நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். வெயிலிலிருந்து திண்ணைக்கு ஆள் நடந்து வரும்போது ஷாட்டுக்குள்ளேயே திறக்கலாம்.

உடுமலையிலிருந்து: ஷோல்டர் ரிக் நானே செய்யறேனுங்க. கேமராவுக்கு அடியில என்ன போல்ட் போடறது?

இரண்டு நூல் போல்ட். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒன்று, ஆக கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் விட்வொர்த் போல்ட்டும் அதே 20 மரைதான், மரையின் கோணம் மட்டும் லேசாக மாறும். கையால் திருகினால் போகும், ஸ்பானர் போடாதீர்கள். பெரிய டிரைபாட் தலைக்கு மூன்று நூல், 16 மரை. அவசரத்துக்கு 6 மி.மீ. போல்ட் போட்டால் முதலில் லொடலொடவென்று ஆடும், இறுக்கினால் கேமராவின் மரையைத் தின்றுவிடும். நீளத்தையும் பாருங்கள். கேமரா அடியில் உள்ள ஓட்டை ஏறக்குறைய 5 மி.மீ. ஆழம்தான். முழு போல்ட்டையும் ஏற்றி பாடியைப் பிளந்துகொண்டு வந்த பையனை எனக்குத் தெரியும்.

ரிக்கில் சாமான் மாட்டும் ராடு 15 மி.மீ., இரண்டு ராடின் நடு மையங்களுக்கு இடையே 60 மி.மீ. இந்த அளவில் செய்தால் நாளைக்குக் கடையில் வாங்கும் சாமானும் மாட்டும். கைப்பிடிக் கம்பி விற்கிற கடையில் ஐந்து நூல் எஸ்.எஸ். பைப்பை 15 என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அது 15.88, கிளாம்ப்பில் நுழையாது. 16 மி.மீ. அலுமினிய ராடு வாங்கி 15க்குக் கடைந்துகொள்ளுங்கள். முன்னால் இருக்கும் எடைக்குச் சரியாகப் பின்னால் பேட்டரியைத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் முதுகு சொல்லும்.

ஈரோட்டிலிருந்து: நிக்கான் டி5300க்கு ஹீலியோஸ் போடலாமா?

முதல் பதில்.

அவிநாசியிலிருந்து: அடாப்டரையே லேத்தில் போட்டுக்க முடியாதுங்களா? ஆன்லைனில் வாங்கணுமா?

முடியும். நான் செய்து அசிங்கப்பட்ட கதையைக் கேளுங்கள். எம் 42இலிருந்து சோனிக்கு. கணக்கு எளிது, 45.46இலிருந்து 18ஐக் கழித்தால் 27.46. அலுமினியத்தில் கடைந்து வெர்னியரில் பார்த்தேன், 27.6. பம்பு ஷாஃப்ட்டில் எத்தனையோ தடவை விட்டுக்கொடுத்த வித்தியாசம்தானே என்று விட்டேன். மருதமலை அடிவாரத்தில் ஷூட்டிங். ஆள் முகம் கத்தி மாதிரி இருந்தது. மேலே கோபுரம் மட்டும் கஞ்சி. வளையத்தைக் கடைசி வரை திருகியும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 58ஐ 58ஆல் பெருக்கி 0.14ஆல் வகுத்தால் 24,000 மி.மீ. சொச்சம். அதாவது 24 மீட்டருக்கு அப்பால் அந்த லென்ஸால் ஃபோகஸ் பிடிக்கவே முடியாது. 0.14 மி.மீ. தப்பு, ஒரு மலையே போச்சு.

அதனால் ஒரு 0.05 மெலிதாகவே கடையுங்கள். வளையம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே தூரம் கிடைத்துவிடும், அதில் நஷ்டமில்லை. மரை 42க்கு 1 மி.மீ. பிட்ச் (மரைக்கும் மரைக்கும் இடைவெளி) என்று டர்னரிடம் எழுதிக் கொடுங்கள். 0.75 பிட்ச்சிலும் 42 மரை ஒன்று இருக்கிறது, டெலஸ்கோப்புக்குப் போடுவது. அதை வெட்டிக் கொடுத்தால் இரண்டு சுற்றிலேயே கடித்துக்கொள்ளும்.

சோமனூரிலிருந்து: எங்க தறிக்குடோன்லயே ஒரு டாக்குமெண்டரி எடுக்கறேனுங்க. டியூப் லைட்டுல கோடு கோடா ஓடுது, கேமரா வேற ஆடிட்டே இருக்குது. பழைய லென்ஸ்தான் வெச்சிருக்கேன்.

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோடு லென்ஸின் தப்பில்லை. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை நொடியில் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றில் வையுங்கள், கோடு நிற்கும். 60இல் வைத்தால் திரும்ப வரும்.

ஆட்டத்துக்கு வருவோம். தறி ஓடும்போது தரையே அதிருகிறது. டிரைபாட் காலுக்கு அடியில் பழைய லாரி டியூபை நான்கு மடிப்பாக வெட்டிப் போடுங்கள், நடுவில் ஒரு மண் மூட்டை தொங்கட்டும். தறிச் சட்டத்தின் மேல் கேமராவைச் சாய்க்கவே வேண்டாம். நீள லென்ஸ் ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டும், 28 மி.மீ. போட்டுப் பக்கத்தில் போங்கள். கேமராவுக்குள்ளேயே ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், பழைய லென்ஸின் மி.மீ. எண்ணை நீங்களே மெனுவில் போட வேண்டும். லென்ஸ் அதைச் சொல்லாது. 28ஐப் போட்டுவிட்டு 135 என்று விட்டிருந்தால் அதுவே படத்தை ஆட்டும்.

பஞ்சு. லென்ஸ் மாற்றுவது குடோனுக்கு வெளியே, கேமரா வாய் கீழே பார்த்தபடி. பாட்டியின் கை நூலை முடிபோடும் ஷாட் ஒன்று எடுத்தால் எனக்கு அனுப்புங்கள்.

திருப்பூரிலிருந்து: லென்ஸ்ல பூஞ்சை மாதிரி இருக்குதுங்க. பனியன் வேஸ்ட்ல துடைச்சும் போகலை.

ஐயோ. பனியன் வேஸ்ட் மெஷினுக்கு அம்மணி, லென்ஸுக்கு இல்லை. அதிலிருக்கும் ஒரு மணல் துகள் போதும், கோட்டிங் போய்விடும். முதலில் ஊதுங்கள், அப்புறம் பிரஷ், கடைசியில்தான் மைக்ரோஃபைபர். பூஞ்சை உள்ளே இருந்தால் வெளியே துடைத்து என்ன செய்வது? பின்பக்கமாக டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாக இருந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் என்றால் அப்படியே எடுக்கலாம். நடுவில் என்றால் பழைய கேமரா மெக்கானிக்கிடம் கொடுங்கள், அதற்குள் மற்ற லென்ஸோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வால்பாறை மழைக்குக் கொண்டுபோய் வந்தவர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கோவையிலிருந்து: பழைய டக்குமார் 50 எஃப் 1.4 மஞ்சளா இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. அதில் ஒரு கண்ணாடியில் கதிர்வீச்சுள்ள தோரியம் கலந்திருக்கிறது, வருடக்கணக்கில் மஞ்சளாகும். புற ஊதா விளக்கின் கீழ் சில வாரம் வைத்தால் வெளுக்கும். நம்ம ஊர் வெயிலே போதும், ஆனால் லென்ஸ் சூரியனை நேரே பார்க்கக் கூடாது, வைத்த துணி பற்றிக்கொள்ளும். கதிர்வீச்சு லேசானது. பிரித்துத் தேய்க்காத வரை பயமில்லை.

கரூரிலிருந்து: எந்த ஜிம்பல் நல்லதுங்க?

ஆட்டத்தைத் தாங்கும் அந்த மோட்டார் கைப்பிடியை வாங்காதீர்கள். ஒரு லைட்டும் மைக்கும் வாங்குங்கள்.

பெருந்துறையிலிருந்து: நிக்கான் பாடிக்கு எம் 42...

முதல் பதில், முதல் பதில், முதல் பதில்.

சத்தியிலிருந்து: ஃபாலோ ஃபோகஸ் பல்லுச் சக்கரம் இங்கேயே வெட்ட முடியுமா?

லென்ஸ் வளையத்தில் மாட்டி, பக்கத்துக் குமிழால் ஃபோகஸைத் திருப்பும் சக்கரம்தானே, கோவையில் இதைக் கேட்கலாமா! கியர் கட்டிங் பட்டறையில் 0.8 மாட்யூல் (பல்லின் அளவு) என்று மட்டும் சொல்லுங்கள், மீதி அவருக்குத் தெரியும். 100 பல் என்றால் வெளி விட்டம் 81.6 மி.மீ. உள் விட்டத்தை உங்கள் லென்ஸ் வளையத்தைவிட அரை மி.மீ. கூட்டி, நடுவே ரப்பர் பட்டை. நைலானில் வெட்டச் சொல்லுங்கள், பித்தளை கனம்.

கோபியிலிருந்து: எங்க ஊர்ல மூடின டாக்கீஸிலிருந்து ஒரு ஸ்கோப் லென்ஸ் கிடைச்சிருக்குங்க. கேமராவுல மாட்டினா அகலப் படம் வருமாமே?

வேண்டாம் தம்பி. ஸ்கோப் என்பது படத்தைப் பக்கவாட்டில் விரிக்கும் தியேட்டர் லென்ஸ், கேமரா லென்ஸுக்கு முன்னால் வைக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு லென்ஸையும் தனித்தனியே ஃபோகஸ் செய்ய வேண்டும், கிட்டத்தில் ஃபோகஸே வராது. 16க்கு 9 படத்தை இரண்டு மடங்கு விரித்தால் 3.55க்கு 1, கயிறு மாதிரி. மேசையில் வைத்து அழகு பாருங்கள்.

பவானியிலிருந்து, முன்னாள் தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர்: நான் இருபத்தெட்டு வருசம் கேபின்ல நின்னவன். தம்பி, அவ்வளவு சுளுவா வேண்டாம்னு சொல்லாதீங்க. 16க்கு 9ல எதுக்கு எடுக்கணும்? 4க்கு 3ல எடுத்தா 2.66தானே?

அண்ணா, கணக்கு சரி. 4க்கு 3 வசதி இல்லாத கேமராவில் ஓரத்தை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கிட்ட ஃபோகஸ்?

பவானி: முன்னாடி ஒரு க்ளோசப் கண்ணாடி. அரை பவர் போட்டா ரெண்டு மீட்டர், ஒரு பவர் போட்டா ஒரு மீட்டர். ரெண்டு லென்ஸையும் தூரத்துலயே வெச்சுட்டு கண்ணாடிய மட்டும் மாத்து. பேரன் அப்படித்தான் எடுக்கறான்.

இது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு ஃபோகஸ் தொல்லையும் போய்விடுகிறது, ஆள் நகராத ஷாட்டுக்கு. நடந்தால்?

பவானி: நடக்க வேண்டாம்னு சொல்லு.

கோபி: அண்ணா, எந்தப் பக்கம் வெளிய பார்க்கணும்?

பவானி: திரையப் பார்த்த பக்கம்தான் காட்சியப் பார்க்கணும். அப்புறம், நேரா நிக்கணும். ஒரு தடவை ஸ்கோப் படத்துல லென்ஸ் கொஞ்சம் திரும்பிடுச்சு. கதாநாயகி, வில்லன், கோயில் கோபுரம் எல்லாம் சாஞ்சு நின்னாங்க. கீழ இருந்து விசில், சோடா பாட்டில். டார்ச்ச லென்ஸுக்கு நேரா அடி, வர்ற கோடு படுக்கையா ஓடணும்.

காங்கேயத்திலிருந்து: இதெல்லாம் எதுக்குங்க, ஃபோன்லயே மேலயும் கீழயும் கருப்புப் பட்டை போட்டா ஆச்சு.

பவானி: கருப்புப் பட்டை போட்டா வெளிச்சக் கோடு வருமா?

காங்கேயத்துத் தம்பி சொல்வதும் தப்பில்லை, கதை நன்றாக இருந்தால். ஆனால் இந்தச் சண்டையில் நான் ஆபரேட்டர் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டேன். கோபி தம்பி, "வேண்டாம்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். பின்னால் ஹீலியோஸை வையுங்கள், சின்ன சென்ஸாரில் 58 என்றால் பெரும்பாலும் மூலை கருக்காது. எடையை லென்ஸின் மரையில் தொங்கவிடாதீர்கள். ராடு மேல் ஒரு தாங்கி வைத்து ஸ்கோப்பை அதில் படுக்க வையுங்கள், இரண்டுக்கும் நடுவே துணியைச் சுற்றி வெளிச்சம் புகாமல் செய்யுங்கள். தாங்கியை நான் கடைந்து தருகிறேன், கூலி வேண்டாம். அண்ணன் ஒரு நாள் பட்டறைக்கு வந்து அதை நேராக்கித் தந்தால் போதும்.

லென்ஸின் வெளி விட்டத்தை அனுப்புங்கள். வெர்னியர் இல்லையென்றால் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்து, 3.14ஆல் வகுங்கள். மூன்று இடத்தில் சுற்றிப் பாருங்கள்.

சேலத்திலிருந்து: அண்ணா, நிக்கானுக்கு...