20 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 30 போடலாமா?

கேள்வி: என்னுடையது 60 வோல்ட் லித்தியம் பேட்டரி உள்ள எலக்ட்ரிக் ஸ்கூட்டர். சார்ஜர் 6 ஆம்பியர். கொஞ்ச நாளாக மாட்டியவுடனே பச்சை விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறுவதில்லை. சீட்டுக்கு அடியில் சார்ஜிங் லைனில் இருக்கும் 20 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. காருக்குப் போடும் ஃபியூஸ் ஒன்றை அதே 20-இல் வாங்கி மாட்டினேன், ஒரு நாள் நன்றாக ஏறியது, மறுநாள் அதுவும் போய்விட்டது. 30 போட்டுப் பார்க்கட்டுமா? சார்ஜரை மாற்ற வேண்டுமா?

பதில்: 30 வேண்டாம். 20 ஏன் போனது என்றே தெரியாமல் 30 போட்டால், அடுத்த தடவை ஃபியூஸுக்குப் பதிலாக வயர் உருகும், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. சார்ஜரையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 6 ஆம்பியர் சார்ஜர் தன் வெளியீட்டை 6 ஆம்பியருக்குள்ளேயே கட்டுப்படுத்தும்படி செய்யப்பட்டது, வெளியே ஷார்ட் ஆனாலும் அது பெரும்பாலும் தன்னை நிறுத்திக்கொள்ளும். அப்படியானால் 20 ஆம்பியர் ஃபியூஸை எரிக்கிற அளவுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்திருக்கும்? பேட்டரியிலிருந்துதான். அது பேட்டரியிலிருந்து சார்ஜிங் சாக்கெட் பக்கமாகத் திரும்பி ஓடியிருக்கிறது. அதனால் ஃபியூஸுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் உள்ள வயர், சாக்கெட், சார்ஜரின் பிளக், சார்ஜரின் வெளியீட்டுப் பகுதி, இந்த நாலில்தான் தேட வேண்டும். இல்லையென்றால் கரண்ட் அதிகம் ஓடவே இல்லை, ஃபியூஸ் மாட்டியிருக்கும் ஹோல்டர் லூஸாகி அந்தச் சூட்டில் ஃபியூஸ் போயிருக்கிறது.

அந்தப் பச்சை விளக்கு சார்ஜர் பக்கம் நல்ல சாட்சி. கரண்ட் ஓடாதபோது பெரும்பாலான சார்ஜர்கள் பச்சை காட்டும், பேட்டரி நிறைந்திருந்தாலும் சரி, லைன் அறுந்திருந்தாலும் சரி. ஆக சார்ஜருக்கு உயிர் இருக்கிறது. விளக்கே எரியாவிட்டால்தான் சார்ஜருக்குள் மெயின்ஸ் பக்க ஃபியூஸைச் சந்தேகிக்க வேண்டும். அதைத் திறப்பது வேறு கதை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்கக் கூடாது.

இனி போன ஃபியூஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜன்னல் மாதிரி தெரியும் பகுதியில் கருப்பு அப்பியிருந்தால் ஷார்ட், பெரிய கரண்ட் ஒரே அடியாக ஓடியிருக்கிறது. உள்ளே சுத்தமாக இருந்து, ஒரு காலின் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருந்தால் அந்தப் பக்கம் ஹோல்டரின் கிளிப் லூஸ். அப்போது எத்தனை ஃபியூஸ் மாற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும், ஹோல்டரைத்தான் மாற்ற வேண்டும்.

ஷார்ட் மாதிரி தெரிந்தால் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி கனெக்டரையும் கழற்றி, ஃபியூஸை வெளியே எடுத்துவிடுங்கள். மோதிரம், வாட்ச் இருந்தால் முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் அமைப்பு) வைத்து, சார்ஜர் மாட்டாத சாக்கெட்டின் பிளஸ், மைனஸ் இரண்டையும் தொடுங்கள். பீப் வரக் கூடாது. வரவில்லை என்று உடனே விட்டுவிடாமல், புரோபை (மீட்டரின் முனைக் கம்பிகளை) அப்படியே பிடித்துக்கொண்டு இன்னொருவரை சீட்டைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், வயரையும் ஆட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் ஓடிவிட்டு மறுநாள் போனது என்றால் அது வந்து வந்து போகும் ஷார்ட்தான், எனக்கு முதல் சந்தேகம் சீட் கீலுக்குப் பக்கத்தில் நசுங்கிய வயர் மேல். ஆட்டும்போது ஒரு சின்ன 'பீ' வந்தாலும் இடம் கிடைத்துவிட்டது. அடுத்து சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சைப் பாசி மாதிரி துரு, கருகிய பின், ஈரம் எது இருந்தாலும் சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் சார்ஜர். மெயின்ஸிலிருந்து கழற்றிச் சில நிமிடம் விட்டு, அதன் வெளியீட்டுப் பின்களில் அதே சோதனையைச் செய்யுங்கள். முதலில் ஒரு நொடி பீப் வந்து நின்றால் உள்ளே கெப்பாசிட்டர் நிறைகிறது, பயமில்லை. நிற்காமல் கத்தினால் உள்ளே ஷார்ட். இதிலும் பிளக் அடியில் வயரை வளைத்து வளைத்துப் பாருங்கள்.

நீங்கள் போட்ட ஃபியூஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரண கார் பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. உங்கள் பேட்டரி 16 செல் வரிசை என்றால் முழு சார்ஜில் 67.2 வோல்ட் இருக்கும். அந்த வோல்ட்டேஜில் 32 வோல்ட் ஃபியூஸின் கம்பி உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி அணையாமல் தொடர்ந்து எரியலாம், ஏனென்றால் டிசி-யில் கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொடுவதே இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஏசி-யில் அது நொடிக்கு 100 தடவை தானாக நடக்கும். '250 வோல்ட் ஏசி' என்று மட்டும் எழுதிய கண்ணாடி ஃபியூஸும் அதனால்தான் இதற்கு ஆகாது. டிசி 80 வோல்ட்டோ அதற்கு மேலோ எழுதியிருக்கும் 20 ஆம்பியர் ஃபியூஸாகப் பார்த்து வாங்குங்கள், கம்பெனி போட்டதே கிடைத்தால் இன்னும் நல்லது.

மாட்டிய பிறகு சார்ஜ் ஏறும்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பிளேடு ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் புரோபை வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டினால் ஃபியூஸ் சரி. பல வோல்ட் காட்டினால் மறுபடி போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் ஹோல்டருக்குள் நுழையும் வயர், வெளியே வரும் வயர் இரண்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள், அரை வோல்ட் காட்டினால் 6 ஆம்பியரில் 3 வாட் சூடு அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே இறங்குகிறது, ஹோல்டரை மாற்றிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து ஹோல்டரையும் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

வயர், சாக்கெட், ஹோல்டர், சார்ஜர் எல்லாம் சுத்தமாக இருந்தும் மூன்றாவது ஃபியூஸும் போனால், அதற்கு மேல் பேட்டரி பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். வண்டியை சர்வீஸில் விட்டு, போன ஃபியூஸ்கள் எல்லாவற்றையும் அவர்களிடம் காட்டுங்கள்.