வெட்டவெளியில் நிற்கும் சிறிய பாய்மரப் படகைச் சிக்கனமாக மூடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: 14 அடி ஃபைபர் படகை மூட நீல நிறத் தார்ப்பாய் போதுமா?

பதில்: ஒரு பருவத்துக்குப் போதும். மெல்லிய பாலித்தீன் இழைகள் வெயிலின் புற ஊதாக் கதிரில் நொய்ந்து, பிறகு தொட்ட இடத்தில் செதிலாக உதிரும். கனமான தார்ப்பாய் இன்னும் சிறிது காலம் உழைக்கும். ஆனால் எந்தத் துணி என்று யோசிப்பதற்கு முன், அதைத் தாங்கும் முகட்டைப் பற்றி யோசியுங்கள். தட்டையாக விரித்த தார்ப்பாயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. ஆழத்துக்கு நீர் தேங்கினாலே 100 கிலோ. அந்தக் கனத்தில் துணி மேலும் தொய்ய, மேலும் நீர் சேர, கடைசியில் அது கிழிந்து மழை முழுவதும் படகுக்குள் இறங்கும்.

கழற்றிய பாய்மரத்தையே முகட்டுக் கழியாக்குவதுதான் செலவில்லாத வழி. முன்னும் பின்னும் இரண்டு மரச் சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் பிணைத்து நிறுத்தி, அவற்றின் கவட்டில் பாய்மரத்தைக் கிடத்தி, இரு பக்கமும் செங்குத்தாகச் சரியும்படி தார்ப்பாயைப் போடுங்கள். இரு முனைகளையும் திறந்தே விடுங்கள், ஏனெனில் காற்றோட்டமில்லாமல் இறுக்கி மூடிய படகு உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி, முன்முனையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

ஓரத்துப் பித்தளை வளையங்களை மட்டும் நம்பாதீர்கள். பலத்த காற்றில் முதலில் பிய்வது அவைதான். தார்ப்பாயின் ஓரத்தில் ஓர் உருண்டைக் கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் சுருக்கிட்டுக் கட்டினால் இழுவிசை துணி முழுவதும் பரவும். கயிற்றைப் படகின் அடிவழியாக மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். படகைத் தாங்கும் முட்டுக்கால்களில் கட்டவே கூடாது. துணி காற்றில் உதறும்போது முட்டு நகர்ந்து படகே சாய்ந்துவிடும்.

கேள்வி: பழைய விளம்பர பிளக்ஸ் கிடைத்தால்?

பதில்: தாராளமாகப் பயன்படுத்துங்கள். உறுதியானது, நீர் புகாதது. ஆனால் கனமானது, காற்று விடாதது. அச்சிட்ட பக்கம் உள்ளே இருக்கட்டும், படகு கடைத்தெருவாக வேண்டாம்.

கேள்வி: என் படகு 12 அடி. நீலத் தார்ப்பாய் தாங்குமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பாய்மரத்தை முகடாக்கச் சொல்வது தவறு. அது அலுமினியக் குழல், வளைந்துவிடும். பிவிசி குழாயே மேல்.

பதில்: இரு முனைகளில் மட்டும் தாங்கினால் நீளமான பாய்மரம் நடுவில் தொய்யும் என்பது உண்மை, நடுவில் மூன்றாவது கவடு வைத்தால் அந்தக் கவலை தீரும். பிவிசி குழாயோ தன் எடையிலேயே தொய்யக்கூடியது, வெயிலில் இன்னும் இளகும். அதை வில்லாக வளைத்து இரு ஓரங்களிலும் ஊன்றினால் நன்றாக வேலை செய்யும். நேராகக் கிடத்தினால் செய்யாது.

கேள்வி: (மேற்படி நண்பர்) பாய்மரத்தின் பாய்த்தடம் (பாயின் ஓரம் ஏறி இறங்கும் தடம்) தார்ப்பாயை அறுத்துவிடுமே?

பதில்: இதை ஒப்புக்கொள்கிறேன், முன்பே சொல்லியிருக்க வேண்டும். பாய்த்தடம், கப்பி, கூர்முனை என்று துணி உரசும் இடங்களிலெல்லாம் பழைய கம்பளத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். ஆனாலும் குழாய்க்காகக் காசு செலவழிக்க இது காரணமாகாது.

கேள்வி: பாய்களைப் படகிலேயே சுருட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. நன்றாக உலர்த்தி வீட்டுக்குள் வையுங்கள். வெயிலில் பாயின் துணிக்கு முன் தையல் நூல் இற்றுப்போகும்.

கேள்வி: இருவர் தூக்கக்கூடிய குட்டிப் படகுக்கு?

பதில்: கவிழ்த்து வையுங்கள். ஓரங்கள் மண்ணில் படாமல் கட்டைகளின்மேல் நிறுத்தி, காற்று தூக்காதபடி தரையில் முளையடித்துக் கட்டினால் வேறு முகடு வேண்டாம்.

கேள்வி: நீலத் தார்ப்பாயை இரண்டு அடுக்காகப் போட்டால்?

பதில்: இரண்டும் சேர்ந்து உதிரும். முட்டுக்காலில் கட்ட வேண்டாம் என்பதையும் மறுபடி சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மரப் படகுக்கும் இதே முறைதானா?

பதில்: இதே முறைதான், ஆனால் காற்று இருமடங்கு வேண்டும். மரத்தை உளுக்கச் செய்வது கடல்நீரைவிட மழைநீர்தான். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கும் பூஞ்சை வளராது. அடித்தளப் பலகைகளைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி: வெளிப்புற எஞ்சினை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: அது என் துறையன்று, மெக்கானிக்கைக் கேளுங்கள்.