கையில் கூடக் காசு வரும் என்று நீட்டும் தாளில் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் ஸ்காபரோவில் வளர்ந்தவள், வயது 24. மொழி படிப்பிக்க வருபவர்களுக்கான இ-2 விசாவில் கொரியா வந்து மூன்று கிழமை ஆகிறது. தெஜோன் நகரில் ஒரு ஹக்வோனில், அதாவது இங்குள்ள தனியார் டியூட்டரியில், சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சம்பளம் மாதம் 24 இலட்சம் வோன், ஒற்றை அறை வீடும் அவர்களே தந்திருக்கிறார்கள். இப்போது உரிமையாளர் இன்னொரு தாளைத் தந்து, "இதில் கையெழுத்து வைத்தால் 3.3 வீதம் மட்டும்தான் கழிப்போம், உங்களுக்குக் கையில் கூடக் காசு வரும்" என்கிறார். எனக்கு ஓசாப், அதாவது ஒன்ராறியோ மாணவர் கடன், 21,000 டொலர் இருக்கிறது. அம்மா மாதம் 500 டொலர் சீட்டுக்குக் கட்டச் சொல்கிறா. எதை முதலில் செய்வது?

பதில்: வணக்கம் தங்கச்சி. அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கடன், சீட்டு எல்லாம் பிறகு பார்க்கலாம், இது இந்தக் கிழமைக்குள் முடிய வேண்டிய அலுவல்.

3.3 வீதம் என்பது கொரியாவில் சுயதொழில் செய்பவர்களிடம் பிடிக்கும் வரி. 3 வீதம் வருமான வரி, 0.3 வீதம் உள்ளூர் வரி. அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் நீங்கள் அந்த ஹக்வோனின் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து வந்து போகும் ஒரு ஒப்பந்தக்காரர் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதன் பிறகு உரிமையாளர் உங்களுக்காக ஓய்வூதியத்துக்குப் பங்கு கட்டமாட்டார், மருத்துவக் காப்புறுதிக்குப் பங்கு கட்டமாட்டார், வருடம் முடிந்து போகும்போது பணிக்கொடையும் தரமாட்டார். கூடக் கிடைக்கும் என்று சொல்கிற காசு இந்த மூன்றிலிருந்தும் வெட்டி எடுத்த உங்கள் காசுதான்.

கணக்கைப் பார்ப்போம். ஊழியராக இருந்தால் 24 இலட்சத்தில் என்னென்ன போகும்? 2026 இல் தேசிய ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 4.75 வீதம், அது 114,000 வோன். மருத்துவக் காப்புறுதியும் அதோடு ஒட்டி வரும் முதியோர் பராமரிப்புக் காப்புறுதியும் சேர்ந்து ஏறக்குறைய 97,000. வருமான வரி 30,000 முதல் 35,000 வரை. மொத்தத்தில் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைய, கையில் வருவது ஏறக்குறைய 21.5 இலட்சம். 3.3 வீதத் தாளில் 79,200 மட்டும் கழித்து 23.2 இலட்சம் வரும். வித்தியாசம் மாதம் ஏறக்குறைய 165,000, வருடத்துக்கு 20 இலட்சம் வோன். ஒரு கனடா டொலரை மனக்கணக்குக்கு 1,000 வோன் என்று வைத்துக்கொண்டால் 2,000 டொலர். கண்ணுக்கு நல்ல காசாகத்தான் தெரியும்.

இனி இழப்பதைப் பாருங்கள். கனடியக் குடியுரிமை உள்ளவர்கள் கொரியாவை விட்டுப் போகும்போது கட்டிய ஓய்வூதியக் காசை ஒரேயடியாகத் திரும்ப எடுக்கலாம், அமெரிக்கர்களும் அவுஸ்திரேலியர்களும் அப்படியே. உங்கள் பங்கு மட்டும் இல்லை, உரிமையாளர் கட்டிய அதே அளவு பங்கும் சேர்ந்து, சிறிது வட்டியோடு வரும். ஒரு வருடத்துக்கு 27 இலட்சத்துக்கு மேல். (பிரித்தானியா, தென்னாபிரிக்கா போன்ற நாட்டுக்காரருக்கு இது கிடையாது, அதனால் அவர்கள் சொல்லும் கணக்கை உங்களுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.) அடுத்தது பணிக்கொடை. ஒரு வருடம் முழுதாக வேலை செய்த ஊழியருக்கு 30 நாள் சராசரிச் சம்பளம் கொடுக்க வேண்டும், வேலையை விட்ட 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இது கொரியச் சட்டம். அது 24 இலட்சம். இரண்டும் சேர்ந்தால் 51 இலட்சம். 20 இலட்சத்துக்காக 51 இலட்சத்தை விடப் பார்க்கிறீர்கள்.

அந்த 20 இலட்சமும் முழுதாக நிற்காது. ஆறு மாதம் தங்கிய வெளிநாட்டவர் வேலையிடத்தின் மூலம் மருத்துவக் காப்புறுதியில் இல்லாவிட்டால் தாமாகவே உள்ளூர்ச் சந்தாதாரர் ஆக்கப்படுவார்கள், 2019 ஜூலையிலிருந்து இது கட்டாயம். மாதம் ஒன்றரை இலட்சம் வோன் அளவில் பில் வீட்டுக்கு வரும், பாதியைக் கட்ட யாரும் இல்லை. அது வராத முதல் ஆறு மாதம் காப்புறுதியே இல்லாமல் இருப்பீர்கள். நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளோடு நிற்கும் வேலையில் தடிமனும் காய்ச்சலும் எத்தனை தரம் வரும் என்று உங்களுக்கு இதற்குள்ளேயே விளங்கியிருக்கும்.

அம்மா சீட்டுப் பற்றிச் சொன்னபடியால் அதை வைத்தே சொல்கிறேன். கழிவுச் சீட்டில் முதல் மாதமே கழித்து எடுப்பவர் எவ்வளவு இழக்கிறார், கடைசி மட்டும் பொறுத்தவர் எப்படி முழுக்காசும் எடுக்கிறார் என்று உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கொரியாவில் இந்த வேலை கடைசிச் சீட்டு மாதிரி. நல்ல காசு பன்னிரண்டாம் மாதம்தான் வரும், அதுவரை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் வேலை.

எப்படிப் பார்ப்பது? சம்பள விபரத் தாளைக் கேளுங்கள். 2021 நவம்பரிலிருந்து ஒவ்வொரு சம்பளத்தோடும் அதைக் கொடுப்பது கட்டாயம். அதில் 'குங்மின் யொன்கும்' என்பது ஓய்வூதியம், 'கொன்கங் பொஹொம்' என்பது மருத்துவக் காப்புறுதி. கொரிய எழுத்தான ஹங்குல் இரண்டு பின்னேரத்தில் பழகிவிடும், இந்த இரண்டு சொல்லையும் முதலில் வாசிக்கப் பழகுங்கள். ஆனால் தாளில் இருப்பது மட்டும் போதாது. என்னிடம் வந்த ஒரு பெடியனுக்குப் பத்து மாதம் ஒழுங்காக 'குங்மின் யொன்கும்' கழிக்கப்பட்டிருந்தது, தாளும் கையில் இருந்தது, ஓய்வூதிய அலுவலகத்தில் போய்க் கேட்டால் மூன்று மாதம்தான் கட்டப்பட்டிருந்தது. மிச்சம் அந்த ஹக்வோன்காரரின் பையில். பதினோராம் மாதம் தெரிந்தபடியால் மல்லுக்கட்டி வாங்கினான், விமானநிலையத்தில் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பான்? வெளிநாட்டவர் அட்டை கிடைத்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய், கட்டிய விபரத்தை அச்சடித்து வாங்குங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 1355 க்கு அழைக்கலாம்.

ஒப்பந்தத்தின் தேதிகளையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். மார்ச் 3 இல் தொடங்கி அடுத்த பெப்ரவரி 27 இல் முடிகிறது என்று இருந்தால் ஒரு வருடத்துக்குச் சில நாள் குறைவு, அந்தச் சில நாளைக் காட்டிப் பணிக்கொடை இல்லை என்பார்கள். பதினோராம் மாதத்தில் திடீரென்று "உங்கள் படிப்பித்தல் சரியில்லை" என்று அனுப்பிவிட்ட கதைகளும் நிறைய உண்டு, காரணம் இதேதான். அதனால் வேலையைப் பற்றி வரும் ஒவ்வொரு செய்தியையும், நல்லதோ கெட்டதோ, காக்காவோடோக் என்ற அரட்டைச் செயலியில் வந்தாலும் படம் எடுத்து வையுங்கள்.

உரிமையாளரிடம் எப்படிச் சொல்வது? சண்டை வேண்டாம். "நான் முதல் ஒப்பந்தத்தின்படியே, காப்புறுதிகளோடு இருக்க விரும்புகிறேன்" என்று மரியாதையாக, எழுத்தில் அனுப்புங்கள். உங்களுடைய நேரத்தையும் பாடத்தையும் வகுப்பையும் அவர்தான் தீர்மானிக்கிறார். அப்படி வேலை செய்பவரைத் தாளில் எந்தப் பெயர் போட்டாலும் ஊழியராகவே பார்த்து ஹக்வோன் ஆசிரியர்களுக்குச் சார்பாகக் கொரிய நீதிமன்றங்கள் பல தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அவர் வற்புறுத்தினால் தொழில் அமைச்சின் 1350 இலக்கத்துக்கு அழையுங்கள்.

அப்புறம் மாதச் செலவு. கையில் வரும் 21.5 இலட்சத்தில் சாப்பாடு, போன், பஸ், வீட்டுப் பராமரிப்புக் கட்டணம், காஸ் எல்லாம் போக, கவனமாக இருந்தால் 10 இலட்சம் மிஞ்சும். வெளியில் ஒரு கிண்ணம் சூப்பும் சோறும் சாப்பிடுவது பல நேரம் வீட்டில் மரக்கறி வாங்கிச் சமைப்பதைவிட மலிவு, பழ விலைதான் கண்ணைக் கட்டும். கடாய், வாளி, திரைச்சீலை எல்லாம் டைசோ என்ற மலிவுக் கடையில் 1,000 வோனிலிருந்து 5,000 வோனுக்குள். பெரிய சாமான் தங்குன் செயலியில் பாவித்ததாக வாங்குங்கள். குளிர்காலத்தில் தரை சூடாக்கும் பொயிலர்தான் காசை விழுங்கும். சுவரில் இருக்கும் பெட்டியில் 'வேச்சுல்' என்று ஒரு பொத்தான் இருக்கும், வெளியே போகும்போது அழுத்துவது. கடுங்குளிரில் முழுதாக நிறுத்திவிட்டுப் போனால் குழாய் உறைந்து, திருத்தும் செலவு உங்கள் தலையில் வரலாம், அந்தப் பொத்தானைப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் கனடாவுக்கு எதுவும் கூட அனுப்பாதீர்கள், கடனின் கட்டாயத் தவணையைத் தவிர. தவணை போக மிஞ்சுவதெல்லாம் கொரிய வங்கியிலேயே சேர வேண்டும். காரணம் இருக்கிறது: உங்கள் வீடும் விசாவும் அதே வேலையில்தான் தொங்குகின்றன. வேலை போனால் அதே மாதம் வீடும் போகும். தனியாக ஒற்றை அறை எடுக்க முற்பணமே 50 இலட்சம், 100 இலட்சம் என்று கேட்பார்கள், கையிருப்பு இருந்தால்தான் கொஞ்ச நாள் வேறிடத்தில் தங்கி வேறு வேலை தேடலாம். புதிதாகத் திறக்கும் கணக்குக்கு ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு இருக்கும், அதைத் தூக்க வேலைச் சான்றும் சம்பளத் தாளும் கேட்பார்கள், அந்தத் தாள்களைச் சேர்த்து வைக்க இது இன்னொரு காரணம். இடையில் யாராவது பெற்றோர் வீட்டுக்கு வந்து தனியாகப் படிப்பிக்கக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இ-2 விசாவில் அது சட்டவிரோதம், அபராதத்தோடு நாட்டைவிட்டே அனுப்பிவிடவும் கூடும்.

ஓசாப் கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரலிலிருந்து வட்டி இல்லை. ஒன்ராறியோவின் பங்குக்கு மட்டும் உண்டு. அதனால் பயந்து ஓடிக் கட்டத் தேவையில்லை, ஆனால் ஒரு தவணையும் தவறக்கூடாது, ஏனென்றால் வருமானம் குறைந்தவர்களுக்குத் தவணையைக் குறைக்கும் உதவித் திட்டம் கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். அந்த மூன்று மாதம் கழிந்ததும் ரொறன்ரோக் கணக்கில் ஆறு மாதத் தவணையைப் போட்டு வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் வரிக்கு வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கிடப்பட்டால் டிஎப்எஸ்ஏ என்ற கனடிய வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் காசு போடாதீர்கள். போட்டால் அது அங்கே இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதம் வரி. ஸ்காபரோவில் உங்களுக்கென்று வீடோ குடும்பமோ இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் கனடிய வரித் திணைக்களமான சிஆர்ஏ இதைத் தீர்மானிக்கும், பெப்ரவரிக்கு முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

சீட்டு வேண்டாம். அம்மாவின் மனம் எனக்கு விளங்குகிறது, பிள்ளை தூரத்தில் இருக்கும்போது காசு ஒரு இடத்தில் சேர்கிறது என்றால் அவவுக்கு நிம்மதி. ஆனால் சம்பளம் ஒரு மாதம் பிந்தினாலும் சீட்டுத் தவணை பிந்த முடியாது, அப்போது அம்மாதான் அக்கம்பக்கத்தில் முகம் கொடுக்க வேண்டும். நாலாம் மாதத்திலிருந்து ஒரு தொகையை அம்மாவின் பெயருக்கு இல்லாமல் உங்கள் சொந்தக் கணக்குக்கே அனுப்பி, அனுப்பிய ரசீதை அம்மாவுக்குக் காட்டுங்கள். சென்ட்பி, வயர்பார்லி போன்ற செயலிகள் வெளிநாட்டவர் அட்டை வந்ததும் வேலை செய்யும்.

உரிமையாளர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பெயர்களை மறைத்து அனுப்புங்கள், தேதிகளை நானும் ஒருமுறை பார்க்கிறேன்.