பாயின்ட் டூ டூ முதல் பன்னிரண்டு ‘போர்’ (bore) வரை: எது எப்படி உதைக்கும்?

தில்லியில் துப்பாக்கி சுடப் பழகிவரும் தமிழர்கள் சிலர், வெவ்வேறு காலிபர் துப்பாக்கிகளைச் சுடும்போது அவை எவ்வளவு பின்னோக்கி உதைக்கும், கைக்கும் தோளுக்கும் என்ன தெரியும் என்று கேட்டிருந்தார்கள். ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது துக்ளகாபாத்திலுள்ள கர்ணி சிங் சுடுதளத்தில் விடுமுறை நாள்களில் பழகுபவன் என்ற அளவில் விடையளிக்கிறேன்.

ஐயா, கல்லூரி என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிள் சுட்டேன். உதையே தெரியவில்லை. காலிபர் எண் கூடக் கூட உதையும் அதே அளவில் கூடுமா? (மாணவி, ஆர்.கே. புரம்)

கூடாதம்மா. காலிபர் என்பது குழலின் உட்பருமனை மட்டுமே சொல்லும். நீங்கள் சுட்ட .22 (அங்குலக் கணக்கு) ஏறத்தாழ 5.6 மி.மீ.; ராணுவத்து இன்சாஸ் ரைஃபிளும் 5.56 மி.மீ.தான். பருமன் ஒன்றாக இருந்தும், உங்கள் குண்டு 2.6 கிராம் எடையுடன் நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் போகிறது. இன்சாஸின் குண்டோ 4 கிராம் எடையுடன் 900 மீட்டர் வேகத்தில் போகிறது. பள்ளியில் படித்த உந்தக் கணக்கை (எடை × வேகம்) போட்டால், குண்டின் உந்தம் மட்டுமே நான்கு மடங்குக்கு மேல் வரும். அதன் பின்னால் சீறிவரும் வெடிவாயுவும் தன் பங்குக்குத் துப்பாக்கியைப் பின்னே தள்ளும்; .22-இல் வெடிமருந்து மிகக் குறைவு என்பதால் அந்தப் பங்கு கணக்கிலேயே வராது. இவ்வளவையும் துப்பாக்கியின் எடை எந்த அளவுக்குத் தாங்கிக்கொள்கிறதோ, அந்த அளவுக்கு உங்கள் தோளுக்கு மிச்சம்.

அப்பா எஸ்.எல்.ஆர். சுட்டவர்; அது தோளைப் பதம் பார்த்துவிடும் என்பார். இன்சாஸ் சுட்ட அண்ணனோ அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்கிறார். யார் சொல்வது சரி? (முனிர்கா)

இருவருமே தத்தம் துப்பாக்கியைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ராணுவத்தின் பழைய ரைஃபிளான எஸ்.எல்.ஆரின் 7.62 மி.மீ. குண்டு 9 கிராமுக்குச் சற்று மேல். வேகம் நொடிக்கு 800 மீட்டரைத் தாண்டும். இரண்டு ரைஃபிள்களும் நான்கு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ளவைதான். ஆகவே உந்தத்திலுள்ள இரட்டிப்பு வேறுபாடு முழுவதும் சுடுபவரின் உடம்பில்தான் வந்து இறங்கும். இன்சாஸ் தோளில் யாரோ விரலால் தட்டியதுபோல் இருக்கும். குறி பார்வையை விட்டு அதிகம் விலகாது. எஸ்.எல்.ஆரில் மேலுடம்பே பின்னே அசைந்து திரும்பும். ஆனால் வலி வேறு சங்கதி. துப்பாக்கியின் பின்கட்டையைத் தோள்குழியில் அழுத்திப் பதித்தவருக்கு அது ஒரு பலமான தள்ளு. பயத்தில் அரை விரற்கடை இடைவெளி விட்டவருக்கு அதே உதை ஓர் அடியாக விழும். கழுத்துப்பட்டை எலும்பின் மேல் வைத்தவர் மறுநாள் நீலம் பாரித்த தோளோடு வருவார். நான் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அப்படி வந்தவர்களில் ஒருவன்.

ஏ.கே.-47 இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும். பழைய .303 ரைஃபிள் பற்றியும் ஒரு சொல்: அண்டை மாநிலமான உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடை கொடுத்தது. எஸ்.எல்.ஆரில் வாயுவின் ஒரு பகுதி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலைக்குப் போவதால் உதை சற்றே நீண்டு மென்மையாகும்; .303-இல் அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்குக் கட்டையின் முனையில் பித்தளைத் தகடு. மெல்லிய சட்டையோடு அதைச் சுட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

பிஸ்டல்களில் 9 மி.மீ. கடினமா, .45 கடினமா? (மயூர் விஹார்)

ஆற்றல் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய 500 ஜூல்தான். கை உணர்வது வேறு. 9 மி.மீ. குண்டு 8 கிராம், வேகம் 350 மீட்டருக்கு அருகில்; .45 குண்டு 15 கிராம், வேகம் 255 மீட்டர். முன்னது மணிக்கட்டைச் சுண்டிவிட்டு உடனே அடங்கும். பின்னது உள்ளங்கையைச் சற்று நிதானமாகத் தள்ளும். எனக்கு .45-இன் தள்ளே இதமாக இருந்தது. அடுத்தடுத்து விரைவாகச் சுட வேண்டுமென்றால் 9 மி.மீ.தான் வசதி. ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் நாட்டுச் சட்டப்படி 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (குழல் பருமன்) வகையைச் சேர்ந்தது. சாதாரண உரிமத்தில் கிடைக்காது.

அப்படியானால் .32 சிறியது, சுலபம் என்று எடுத்துக்கொள்ளலாமா? (கரோல் பாக்)

எந்த .32 என்பதைப் பொறுத்தது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கான .32 பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். கைப்பிடி உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கும். தட்டைத்தலைக் குண்டும் மெதுவாகவே போகும். சுடுவதற்கு அதைவிட இனிய கைத்துப்பாக்கியை நான் அறியேன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான். சட்டைப்பை அளவிலான .32 பிஸ்டலின் கதை வேறு. எடை குறைவு, பிடி குட்டை, சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. குண்டு சிறியதாயினும் உதை கூர்மையாகத் தெரியும்.

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்காரர்களின் துப்பாக்கி? (ஜனக்புரி)

பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் பருமன் எதுவோ அதுவே அந்தக் குழலின் பருமன். ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயச் சன்னம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் கிளம்புவதால், அதன் உந்தம் எஸ்.எல்.ஆர். குண்டினுடையதை மிஞ்சும். மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கட்டை முனையின் ரப்பர் மெத்தையும் இல்லாவிட்டால், தகுதிச் சுற்றின் 125 இலக்குகளை யாராலும் சுட்டு முடிக்க முடியாது.

.22-இல் நன்றாகச் சுடுகிறேன் சார். பெரிய காலிபரை எடுத்தாலே குண்டு கீழே இறங்குகிறது. (துவாரகா)

உதையைக் குறை சொல்லாதீர்கள். குண்டு பெரும்பாலும் குழலை விட்டுப் போன பிறகுதான் உதையைக் கை உணர்கிறது. உங்களைக் கெடுப்பது எதிர்பார்ப்பு. வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் உடம்பு, விசை முழுதாக இழுபடும் முன்பே கண்ணைச் சிமிட்டி, மணிக்கட்டைத் தாழ்த்திவிடுகிறது. போட்டிக்கான .22 குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டாததால் ‘டப்’ என்று முடியும். ரைஃபிள் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசை தனி. அதனால் முதலில் காதில் அடைப்பானையும், அதன் மேல் காதுக்கவசத்தையும் சேர்த்து அணியுங்கள். பாதி உதை அங்கேயே காணாமற்போவதைப் பார்ப்பீர்கள். பிறகு பயிற்சியாளரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் இரண்டொரு மருந்தில்லாத போலித் தோட்டாக்களை நடுவே கலந்து ஏற்றச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் குழல்முனை எவ்வளவு குனிகிறது என்பதை நீங்களே காண்பீர்கள். எனக்கு முதன்முறை அது நாலு விரற்கடை குனிந்தது. அருகில் நின்ற சுபேதார் ஒன்றும் சொல்லாமல் அடுத்த தோட்டாவை நீட்டினார்.