ப்ராஜெக்ட்டை இணையத்தில் ஏற்றினால் களவு போகுமா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை விரலி, குண்டு எனத் தனித்தனியாகப் பிரிக்கும் சுழல் சல்லடை ஒன்றை நான்கு பேர் சேர்ந்து செய்திருக்கிறோம். மோட்டார் இழுக்கும் கரண்ட்டைப் பொறுத்து உருளையின் சாய்வு தானாக மாறும். வரைபடம், புரோகிராம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி போட ஆசை. "போட்டால் எவனாவது சுட்டுவிடுவான், முதலில் பேட்டன்ட் வாங்கு" என்கிறார் கைடு. 18,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் பேட்டன்ட் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். எங்களில் ஒருவருக்கு ஏற்றவே விருப்பமில்லை. என்ன செய்வது?

பதில்: தாராளமாக ஏற்றலாம். ஆனால் அதற்கு முன் நான்கு பேரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: பேட்டன்ட் வேண்டுமா, வேண்டாமா? நம் நாட்டுச் சட்டப்படி, விண்ணப்பம் போடும் நாளுக்கு முன் அந்தக் கண்டுபிடிப்பு உலகில் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் அது வெளியீடுதான். ஏற்றிவிட்டு மறுநாள் நீக்கினாலும் கதை மாறாது. பேட்டன்ட் முதலில், பதிவேற்றம் பிறகு. இந்த வரிசை தலைகீழானால் பேட்டன்ட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

பேட்டன்ட் வேண்டாம் என்று முடிவெடுத்தால் கைடு சொல்லும் பயத்துக்கு இடமே இல்லை. உங்கள் வரைபடத்தை எடுத்து ஒருவர் தன் பெயரில் பேட்டன்ட் கேட்டால், இணையத்தில் தேதியோடு கிடக்கும் உங்கள் கோப்பே அவருக்குத் தடையாக நிற்கும். பேட்டன்ட் தருவதற்கு முன் எதிர்ப்புத் தெரிவிக்க யாருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. துறை அலமாரியில் பூட்டிக் கிடக்கும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அப்படி எதிர்ப்பது மிகக் கடினம். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளில் மாணவர்களைக் கெடுப்பதே இதுதான். "வெளியிட்ட பிறகும் 12 மாதம் அவகாசம் இருக்கிறது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டதற்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு. அங்கே படித்ததை இங்கே வந்து சொல்கிறார்கள். நம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 31ஆம் பிரிவில், 12 மாத அவகாசம் என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது யாருக்கு? மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தவருக்கு. அல்லது ஒரு கற்றறிந்தோர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்தவருக்கு, அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் தன் சம்மதத்தோடு அதை அச்சிட்டவருக்கு.

உங்கள் கல்லூரி சிம்போசியம் அரசிதழில் வந்த கண்காட்சியா? கிடையாது. பக்கத்து மாவட்டக் கல்லூரி நடத்திய ப்ராஜெக்ட் எக்ஸ்போ? கிடையாது. முதல் பரிசு வாங்கியிருந்தாலும் கிடையாது, அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டியிருந்தாலும் கிடையாது. பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை போடும் ஆன்லைன் ஜர்னலைக் கற்றறிந்தோர் சங்கம் என்று பேட்டன்ட் அலுவலகத்தில் போய் வாதாட முடியுமா? யூடியூபில் போட்ட வீடியோவுக்கும் கிட்ஹப்புக்கும் இந்தப் பிரிவில் இடமே இல்லை. ஆகவே இந்த 12 மாதம் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே எங்காவது காட்டியிருந்தால், பார்த்தவர்களுக்கு உள்ளே இருக்கும் சூட்சுமம் தெரிந்திருக்குமா என்று யோசியுங்கள். உருளை சுற்றுவதை மட்டும் பார்த்திருந்தால் பெரிய பாதகமில்லை. கரண்ட்டை அளந்து சாய்வை மாற்றும் முறையைப் போஸ்டரில் படம் போட்டு விளக்கியிருந்தால், பேட்டன்ட்டுக்கான கதவு பெரும்பாலும் மூடியாயிற்று.

சரி, இதற்குப் பேட்டன்ட் கிடைக்குமா? சுழல் சல்லடை பழைய சங்கதி. நிலக்கடலைக்கும் ஜல்லிக்கும் எத்தனையோ காலமாக இருக்கிறது. தெரிந்த பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனியாகச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. புரோகிராமுக்குத் தனியாகப் பேட்டன்ட் கிடைக்காது. உங்கள் வேலையில் புதிதாகத் தெரிவது அந்தச் சாய்வு மாறும் ஏற்பாடு ஒன்றுதான். இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் தேடுதளம் இலவசம். நான்கு பேரும் ஒரு நாள் முழுக்க அதில் தேடுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் பேட்டன்ட் தகவல் மையம் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். இதே ஏற்பாடு தானியத்துக்கோ காபிக் கொட்டைக்கோ ஏற்கெனவே இருந்தால் பேட்டன்ட் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

இனி அந்த 18,000 ரூபாய்க்காரர். ஒரு மாதத்தில் பேட்டன்ட் வாங்கித் தர அவரால் மட்டுமில்லை, யாராலும் முடியாது. அவர் வாங்கித் தரப்போவது பேட்டன்ட் விண்ணப்பத்தின் 'வெளியீடு'. எந்த விண்ணப்பமும் வழக்கமாக 18 மாதம் கழித்து அலுவலக இதழில் வெளியாகும். 9ஆம் எண் படிவம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள் வெளியாகிவிடும். இந்தக் கட்டத்தில் உங்கள் கண்டுபிடிப்பு புதியதா என்று அதிகாரி பார்க்கவே மாட்டார். தோசைக்கல்லைப் பற்றி எழுதிக் கொடுத்தாலும் வெளியாகும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், சீக்கிரம் வெளியிட 2,500 ரூபாய். மீதி யார் பைக்குப் போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. பரிசீலனை கேட்டு 18ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும், அதற்கு 4,000 ரூபாய். இப்போதைய விதிப்படி 31 மாதத்துக்குள் கேட்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். இதை அந்தக் கன்சல்டன்ட் உங்களிடம் சொல்ல மாட்டார். அவர் கொடுக்கும் வண்ணச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு, நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள். அங்கே விண்ணப்பம் செத்துக் கிடக்கும். இன்னும் மோசம், உங்கள் வடிவமைப்பு முழுதும் இதழில் வெளியாகிவிட்டதால் அதற்கு மறுபடி புதிதாகவும் விண்ணப்பிக்க முடியாது. சிலர் 'யு.கே. டிசைன் பேட்டன்ட்' என்று ஒன்றை விற்கிறார்கள். அது பொருளின் வெளித் தோற்றத்தைப் பதிவு செய்வது. முன்பே அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமலே பதிவு செய்து கொடுப்பார்கள். உங்கள் இயந்திரம் வேலை செய்யும் விதத்துக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. பேட்டன்ட் கிடைக்காத பொருளைப் 'பேட்டன்ட் பெற்றது' என்று சொல்லி விற்றால் நம் சட்டத்தில் அபராதம் உண்டு, நினைவிருக்கட்டும்.

கல்லூரிகள் ஏன் இதற்கு உடந்தையாகின்றன என்றால், தர மதிப்பீட்டுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கிறது. வெளியான விண்ணப்பம் எத்தனை என்று கேட்கிறவர்கள், அதில் எத்தனை இயந்திரம் ஒரு விவசாயியின் களத்தில் ஓடுகிறது என்று கேட்பதில்லை. இந்த எண்ணிக்கைப் பசிக்கு மாணவர்களின் வீட்டுப் பணம் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகப் பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்ப வேலை பார்க்க, பதிவு பெற்ற பேட்டன்ட் முகவரால்தான் முடியும். அந்தக் கன்சல்டன்ட்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அலுவலகத் தளத்திலேயே இருக்கிறது. எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கண்டுபிடிப்புக்கு நீங்களே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம்.

தேடிப் பார்த்தும் சாய்வு ஏற்பாடு புதியதாகத் தெரிகிறது, பேட்டன்ட்டும் வேண்டும், ஏற்றவும் வேண்டும் என்றால் தற்காலிக விவரக் குறிப்போடு 1,600 ரூபாய் கட்டி விண்ணப்பம் போட்டுவிட்டு, ரசீது வந்த பிறகு ஏற்றுங்கள். 12 மாதத்துக்குள் முழு விவரக் குறிப்பைக் கொடுத்துவிட வேண்டும். கிட்ஹப்பில் போடும் ஒவ்வொரு நுணுக்கமும் அந்தத் தற்காலிகக் குறிப்பில் இருக்க வேண்டும். குறிப்பில் விட்டுவிட்டு இணையத்தில் போட்டது உங்கள் கையைவிட்டுப் போனதுதான். இன்னொன்று, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதி தரும் திறந்த உரிமங்கள் சிலவற்றில் பேட்டன்ட் பயன்பாட்டு அனுமதியும் சேர்ந்தே வரும். பேட்டன்ட்டை விற்றுக் காசு பார்க்கும் எண்ணம் இருந்தால் அப்படிப்பட்ட உரிமத்தில் ஏற்றாதீர்கள்.

விருப்பமில்லாத நண்பரின் விஷயத்துக்கு வருவோம். வரைபடமும் ரிப்போர்ட்டும் நால்வரின் கூட்டு உழைப்பு, பதிப்புரிமையும் நால்வருக்கும் சேர்ந்தது. அவர் சம்மதிக்காமல் எல்லாவற்றையும் ஏற்றக் கூடாது. என்ன பயம் என்று அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் 'தப்பு கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்' என்பதாகத்தான் இருக்கும். பெயர் வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிட்டு, 'இன்ன உரிமத்தில் ஏற்றச் சம்மதம்' என்று நால்வரும் ஆளுக்கொரு மின்னஞ்சல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குப் பங்கு உண்டா? மாணவர் ஊழியர் இல்லை. ஆகவே ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சொந்தம் என்ற பதிப்புரிமை விதி உங்கள் மேல் பாயாது. ஆனால் 2019இல் வந்த, மாணவர், ஆசிரியருக்கான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, பாடத்திட்டத்தின் பகுதியாக உருவானதைக் கல்லூரியும் மாணவரும் கூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டுகிறது. உங்கள் கல்லூரியின் சொந்த விதியைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். கைடின் பெயரை நன்றிப் பகுதியில் மரியாதையோடு போடுங்கள். வடிவமைப்பில் அவர் கைவைத்திருந்தால் மட்டுமே கண்டுபிடிப்பாளராகச் சேர்க்க வேண்டும். கையெழுத்து போட்டதற்காகப் பெயரைச் சேர்க்கும் வழக்கத்தை உங்கள் பேட்ச்சிலாவது நிறுத்துங்கள்.

எப்படி ஏற்றுவது என்பது சுலபம். வேலை செய்ய கிட்ஹப். முடிந்த பதிப்பைப் பத்திரப்படுத்த ஜெனோடோ. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்துகிறது, இலவசம். அது தரும் நிரந்தர அடையாள எண்ணை ரெஸ்யூமேயில் போடலாம், உங்கள் ஜூனியர்களும் மேற்கோள் காட்டலாம். வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த பிறகே ஏற்றுங்கள். முன்னதாக ஏற்றினால், கல்லூரியின் ஒப்புமைச் சோதனையில் உங்கள் ரிப்போர்ட் உங்கள் கோப்போடே ஒத்துப்போய் வீண் விசாரணை வரும்.

உரிமம் இல்லாமல் ஏற்றாதீர்கள். உரிமம் போடாத கோப்பைப் பார்க்கலாமே தவிர, சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது. புரோகிராமுக்கு எம்.ஐ.டி. உரிமம், வரைபடத்துக்குச் செர்னின் திறந்த வன்பொருள் உரிமம், ரிப்போர்ட்டுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0, பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகை. 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வகையைப் பயத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். பெருந்துறையில் ஒரு லேத் பட்டறைக்காரர் உங்கள் வரைபடத்தைப் பார்த்து நாலு இயந்திரம் செய்து மஞ்சள் விவசாயிக்கு விற்றால், அதற்காகத்தானே செய்தீர்கள்?

ரிப்போர்ட்டை அப்படியே ஏற்றும் பழக்கமும் ஆபத்து. அதன் முதல் பக்கங்களில் பதிவு எண், கையெழுத்து, கல்லூரி முத்திரை எல்லாம் இருக்கும், எடுத்துவிடுங்கள். புரோகிராமுக்குள் வைஃபை பாஸ்வேர்டு, சென்சார் தளத்துக்குள் நுழைவதற்கான ரகசியச் சாவி எண் கிடக்கும். பிறகு அழித்தாலும் கிட்ஹப்பின் பழைய பதிப்புகளில் அது இருக்கும், ஆகவே சாவியையே மாற்றுங்கள். சாலிட்வொர்க்ஸ் கோப்போடு ஸ்டெப் கோப்பும் வையுங்கள், மென்பொருள் வாங்க முடியாதவரும் திறக்கலாம். உதிரிப் பொருள் பட்டியலும், வாங்கிய விலையும், மணிக்கு எத்தனை கிலோ பிரித்தது, எங்கே சிக்கியது, எதை முதலில் செய்து தோற்றீர்கள் என்பதும் கட்டாயம். சுழலும் உருளைக்குப் பாதுகாப்பு மூடி இல்லையென்றால் அதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். யாரோ ஒருவருடைய விரல் அது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களிடம் கறாராகக் கேட்கிறேன். இதில் எந்தப் பகுதியாவது காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதா? வாங்கியிருந்தால் அந்தப் பகுதியை ஏற்றாதீர்கள். அதன் உரிமை உங்களிடம் இல்லை, பெரும்பாலும் அவர்களிடமும் இல்லை. எங்கோ ஒரு மாணவர் இலவசமாகப் போட்டதை எடுத்து, பெயரையும் உரிமத்தையும் அழித்துவிட்டுப் பல ஆயிரத்துக்கு விற்கிறார்கள். நாளை உங்கள் சல்லடையையும் விற்பார்கள். அப்படி விற்றால், தேதியோடு இருக்கும் உங்கள் பதிப்பைக் காட்டிக் கேட்கலாம். அதைவிட, இலவசமாகக் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு அவர்களிடம் காசு கொடுக்கும் மாணவர்கள் குறைவார்கள்.

அகமதாபாத்தின் சிருஷ்டி அமைப்பு டெக்பீடியா என்ற தளத்தில் நாடு முழுவதுமிருந்து பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட் விவரங்களைத் திரட்டியது. ஒரு மாணவர் செய்ததை இன்னொருவர் முதலிலிருந்து செய்யக் கூடாது என்பதுதான் நோக்கம். நம் கல்லூரிகளிலோ இன்னும் பைண்டு செய்த ரிப்போர்ட்டும் ஒரு சி.டி.யும் வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். அந்த சி.டி.யைப் போட்டுப் பார்க்க உங்கள் லேப்டாப்பில் டிரைவ் இருக்கிறதா? அடுத்த பேட்ச் அதே சோலார் புல்வெட்டியை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

கைடு இன்னும் தயங்கினால் அவரோடு சண்டை வேண்டாம். பேட்டன்ட் தேடலில் கிடைத்ததையும் நால்வரின் சம்மத மின்னஞ்சலையும் அச்செடுத்து வைத்து, "எந்த விதிப்படி ஏற்றக் கூடாது, சார்?" என்று துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஒரு நகலில் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.