கம்பெனிப் பணம், குடும்பப் பணம்: வாசகர் கேள்வி-பதில்

குடும்ப நிறுவனங்களின் நிர்வாகம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கம்பெனிச் சட்டமும் தணிக்கையும் அறிந்த எங்கள் குழுவினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் பிரைவேட் லிமிடெட். 60 சதவீதப் பங்கு அப்பாவுடையது. அவரே நிர்வாக இயக்குநர். வீட்டுச் செலவு, நகை, தங்கை கல்யாணம் எல்லாமே கம்பெனிக் கணக்கிலிருந்துதான் போகிறது. "நம்ம கம்பெனி, நம்ம பணம்" என்கிறார். ஆடிட்டர் ஒவ்வொரு மார்ச்சிலும் முணுமுணுக்கிறார். உண்மையில் என்ன ஆபத்து?
– வாசகர், கரூர்

பதில்: ஆடிட்டர் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. அவர் எழுத்தில் தரவேண்டிய விஷயம் இது.

முதல் அடி வருமான வரியில் விழும். குடும்பம் மட்டுமே பங்கு வைத்திருக்கும் கம்பெனி, 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் கடனோ முன்பணமோ கொடுத்தால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுவரை அது டிவிடெண்டாகவே (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) கருதப்படும். அப்பாவின் வருமானத்தோடு சேர்த்து வரி கட்டவேண்டும். பலர் மார்ச் 30 அன்று பணத்தைத் திருப்பிப் போட்டு, ஏப்ரல் 2 அன்று மறுபடி எடுக்கிறார்கள். அது உதவாது. பணம் வெளியே போன அன்றே வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. ஆண்டுக் கடைசியில் பாக்கி பூஜ்யம் என்று காட்டுவதால் அது போய்விடாது. நகைச் செலவை 'பணியாளர் நலன்' என்று எழுதி மறைப்பது இன்னும் மோசம். அப்போது பொய்க் கணக்கு எழுதிய குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது 2013 கம்பெனிச் சட்டத்தின் 185-வது பிரிவு. இயக்குநருக்குக் கம்பெனி கடன் கொடுக்கக் கூடாது. பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015-இல் ஒரு விலக்கு வந்தது; ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். வேறு எந்தக் கம்பெனியும் உங்கள் பங்கு மூலதனத்தில் இருக்கக் கூடாது. வங்கிக் கடன், பங்குதாரர்கள் செலுத்திய மூலதனத்தைப் போல் இரு மடங்கு, அல்லது 50 கோடி ரூபாய், இரண்டில் எது குறைவோ அதற்குள் இருக்கவேண்டும். கடன் கொடுக்கும் நேரத்தில் தவணை பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. ஏற்றுமதியாளர்கள் சறுக்குவது இரண்டாவதில்தான்: மூலதனம் 10 லட்சம், பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) 6 கோடி என்றால் விலக்கு கிடையாது. மீறினால் கம்பெனிக்கு 5 முதல் 25 லட்சம் வரை அபராதம். கடன் வாங்கிய இயக்குநருக்கு அதே அளவு அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

ரொக்கமும் கவனிக்கவேண்டியது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினாலும் திருப்பினாலும் அதே தொகை அபராதமாகக் கேட்கப்படலாம். அப்பா கம்பெனிக்குள் ரொக்கம் போடும்போதும் இது பொருந்தும்.

வழி என்ன? அப்பாவுக்கு மாதச் சம்பளத்தை போர்டு தீர்மானம் போட்டு நிர்ணயியுங்கள். ஃபேக்டரிக் கட்டடம் அவர் பெயரில் இருந்தால் வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். அதே தெருவில் உள்ள இரண்டு குடோன்களின் வாடகை விவரத்தை வாங்கி ஃபைலில் வையுங்கள். 188-வது பிரிவின்படி இது தொடர்புடையவர்களுக்கு இடையிலான பரிவர்த்தனை. சந்தை வாடகைதான் என்று நிரூபிக்க அந்த இரண்டு தாள் போதும். ஒவ்வொரு நிதியாண்டின் முதல் போர்டு கூட்டத்திலும் தமக்கு எந்தெந்த நிறுவனங்களில் ஈடுபாடு உண்டு என்று எம்பிபி-1 படிவத்தில் அவர் எழுதித் தரவேண்டும். பெரிய செலவு வந்தால் டிவிடெண்ட் அறிவியுங்கள். அதில் உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் பங்கு விகிதப்படி போகுமே என்று அப்பா தயங்கக்கூடும். தயங்கட்டும், அது அவர்களுக்குச் சேரவேண்டிய பணம்தான்.

அப்பா கம்பெனிக்குக் கடன் கொடுத்தால் அது டெபாசிட் ஆகாது. ஆனால் கடன் வாங்கிய பணத்திலிருந்து இதைத் தரவில்லை என்று அவர் எழுத்தில் தந்திருக்கவேண்டும். ஜூன் 30-க்குள் டிபிடி-3 படிவம் (கம்பெனி வாங்கிய கடன் விவரம்) தாக்கல் செய்யவும் மறக்கவேண்டாம். பழைய பாக்கிக்குப் பழைய தேதியிட்டுத் தீர்மானம் எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள்.

கேள்வி: அப்பா காலமான பிறகு கம்பெனியில் எனக்கு 12 சதவீதப் பங்கு வந்தது. இரண்டு அண்ணன்களும் சித்தப்பாவும் நடத்துகிறார்கள். கணக்குக் கேட்டால் "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்கிறார்கள். இப்போது புதிதாகப் பங்கு வெளியிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். நான் என்ன செய்யலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் பார்க்கவேண்டியது, உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்பது. வாரிசுச் சான்றிதழ் கையில் இருந்தால் போதாது; பங்கு மாற்றம் பதிவாகியிருந்தால்தான் பங்குதாரருக்கான உரிமைகளைக் கேட்டுப் பெற முடியும்.

பெயர் இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே நிதி அறிக்கை உங்களுக்கு வரவேண்டும். பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பை (மினிட்ஸ்) கட்டணமின்றிப் பார்க்கலாம். நகல் கேட்டால் ஏழு வேலைநாளுக்குள் தரவேண்டும். போர்டு மினிட்ஸ் மட்டும் பங்குதாரருக்குக் கிடைக்காது. அதைக் கேட்டுச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அண்ணன்களிடம் கேட்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். ஏஓசி-4-இல் நிதி அறிக்கை இருக்கும். அதில் தொடர்புடையவர்கள் பற்றிய குறிப்பைத்தான் முதலில் படிக்கவேண்டும். எம்ஜிடி-7-இல் பங்கு யாரிடம் எவ்வளவு என்று தெரியும். புதுப் பங்கு ஒதுக்கியிருந்தால் பிஏஎஸ்-3 இருக்கும்.

இனி, புதுப் பங்கு. மொத்தம் 10,000 பங்கு, உங்களுடையது 1,200 என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு 10,000 வெளியிட்டு நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டால் உங்கள் 12 சதவீதம் 6 ஆகிவிடும். இதில் நடக்கிற தந்திரங்கள் பழையவை. ஒன்று, புதுப் பங்கை வாங்கும் வாய்ப்பைத் தெரிவிக்கும் கடிதத்தை நீங்கள் எப்போதோ காலி செய்த முகவரிக்கு அனுப்புவது. கெடு ஏழே நாளாகவும் இருக்கலாம். அது தாண்டினால் நீங்கள் மறுத்ததாக அர்த்தம். ஆகவே இன்றே உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் பதிவுத் தபாலில் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். மற்றொன்று, 400 ரூபாய் பெறுமான பங்கை 10 ரூபாய் முகமதிப்பில் வெளியிடுவது. அப்போது கடன் வாங்கியாவது உங்கள் பங்கை எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால், கம்பெனியின் விதிமுறைகள் தடுக்காதவரை, அந்த உரிமையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

அடக்குமுறை, முறைகேடு என்று 241-வது பிரிவில் சென்னை கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக 10 சதவீதப் பங்கு வேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. உறுப்பினர்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போதும் என்கிறது 244-வது பிரிவு. உங்கள் கம்பெனியில் நான்கே உறுப்பினர்கள் என்றால், ஒரு சதவீதம் வைத்திருப்பவரும் மனுப் போடலாம். ஆனால் 'என்னை இயக்குநர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்' என்பது மட்டும் காரணமானால் மனு நிற்பது கடினம். டாடா சன்ஸ் – அதன் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் டாடா தரப்பை ஏற்றதற்குப் பின் இதில் சந்தேகம் குறைந்துவிட்டது. பணம் எப்படி வெளியே போனது, உங்கள் பங்கு எப்படிக் கரைந்தது என்பதை ஆவணத்தோடு வையுங்கள்.

கேள்வி: சத்யம் கம்ப்யூட்டர்ஸில் இல்லாத வங்கி இருப்பை ஆடிட்டர்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியாமல் போனது? எங்களைப் போன்ற நடுத்தர நிறுவனத்தில் அதைச் சோதிப்பது எப்படி?
– வாசகர், சேலம்

பதில்: 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம்-வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். 376 கோடி வட்டி வரவேண்டியிருப்பதாகவும் எழுதி வைத்திருந்தார்கள். போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் உட்பட பெரிய பெயர்கள் இருந்தன. கோட்டை விட்டது மிகச் சாதாரணமான ஒரு வேலையில்: வங்கியிடம் இருப்பை உறுதி செய்து கேட்கும் கடிதம் ஆடிட்டரின் கட்டுப்பாட்டில் இல்லை. 2020-இல் ஜெர்மனியின் பணப்பரிமாற்ற நிறுவனமான வயர்கார்ட் விழுந்ததும் இதே இடத்தில்தான். பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ அங்கே இல்லவே இல்லை.

முறை இதுதான். கடிதத்தில் கம்பெனி கையெழுத்துப் போடும். ஆனால் அனுப்புவது ஆடிட்டர். கிளை முகவரியை அவரே தேடி எடுக்கவேண்டும். பதில் நேராக அவர் அலுவலகத்துக்கு வரவேண்டும். "நம்ம பையன் பேங்க்குக்குப் போறான், வாங்கிட்டு வந்துடுவான்" என்ற அக்கவுண்டன்டின் உதவி மனப்பான்மைதான் ஓட்டை.

கடிதம் வராவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. வைப்புத்தொகை வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ், கம்பெனியின் பான் எண்ணில், 26ஏஎஸ் என்று அறியப்படும் வருமான வரித் துறை அறிக்கையில் பதிவாகும். கணக்கில் 2 கோடி எஃப்டி, 7 சதவீத வட்டி என்றால் ஆண்டு முழுக்க 14 லட்சம் வட்டி தெரியவேண்டும். அங்கே 4 லட்சம்தான் இருக்கிறது என்றால் மீதி ரசீதுகளை மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். எஃப்டி இருந்தும் அது வேறு கம்பெனியின் கடனுக்கு அடமானமாகியிருக்கலாம். ஆகவே இருப்போடு, அதன்மீது அடமானப் பிடிமானம் ஏதும் உண்டா என்றும் வங்கியிடம் கேட்கவேண்டும்.

கேள்வி: குடும்பப் பிடி இல்லாத ஜப்பானியக் கம்பெனிகளிலும் மோசடி நடக்கிறதே, ஏன்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அங்கே குடும்பத்தின் இடத்தில் பதவி வரிசை உட்கார்ந்திருக்கிறது. சேர்ந்த கம்பெனியிலேயே ஓய்வுபெறும் வழக்கம், அடுத்த தலைவரை முந்தைய தலைவரே கைகாட்டும் பழக்கம். முன்னவர் மறைத்ததைப் பின்னவர் எப்படி வெளியே சொல்வார்? கேமரா நிறுவனமான ஒலிம்பஸில் பழைய முதலீட்டு நஷ்டத்தைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்து, நிறுவனங்களை அதிக விலைக்கு வாங்கியதாகக் காட்டிச் சரிக்கட்டினார்கள். கேள்வி கேட்ட தலைவர் மைக்கேல் உட்ஃபோர்டு 2011 அக்டோபரில் நீக்கப்பட்டார். அவர் நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளையிலிருந்து வந்த பிரிட்டிஷ்காரர் என்பது தற்செயல் அல்ல.

தோஷிபாவில் 2015-இல் வெளிவந்தது, ஏழு ஆண்டுகளில் 15,000 கோடி யென்னுக்கு மேல் கூடுதலாகக் காட்டிய லாபம். மேலிடம் காலாண்டு இறுதியில் 'சேலஞ்ச்' என்ற பெயரில் எட்டமுடியாத இலக்கைத் தரும். கம்ப்யூட்டர் பிரிவு, உதிரிபாகங்களைத் தயாரிப்பு ஒப்பந்தக்காரருக்கு வாங்கிய விலையைப் போல் பல மடங்குக்கு விற்று லாபம் எழுதிக்கொள்ளும். பிறகு முழுக் கம்ப்யூட்டராகத் திரும்பி வரும்போது அந்த விலையும் சேர்ந்தே வரும். தணிக்கைக் குழு காகிதத்தில் சரியாக இருந்தது. அதன் தலைமையில் இருந்தவர் கம்பெனியின் முன்னாள் நிதித் தலைவர்.

உங்கள் நிறுவனத்தில் இதைப் பிடிக்க, மார்ச் கடைசி வார விற்பனையையும் ஏப்ரலில் போட்ட கிரெடிட் நோட்டுகளையும் (விற்பனையைக் கழிக்கும் சீட்டுகள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வாடிக்கையாளர், அதே சரக்கு என்றால் மார்ச்சில் விற்பனை நடக்கவில்லை.

கேள்வி: தென் கொரியாவில் இயக்குநர் கடமை பற்றிச் சட்டம் மாற்றினார்களாமே?
– வாசகி, பெங்களூரு

பதில்: ஆம், 2025 ஜூலையில். அதற்கு முன் இயக்குநரின் விசுவாசக் கடமை 'கம்பெனிக்கு' மட்டும்தான் என்று இருந்தது. இப்போது பங்குதாரர்களையும் சேர்த்திருக்கிறார்கள். வித்தியாசம் சிறியதல்ல. 2015-இல் சாம்சங் குழுமத்தின் சி அண்ட் டி, செய்ல் இண்டஸ்ட்ரீஸ் ஆகிய இரு நிறுவனங்களின் இணைப்பில் ஒரு சி அண்ட் டி பங்குக்கு 0.35 செய்ல் பங்கு என்ற விகிதம் வைத்தார்கள். சாம்சங் குடும்ப வாரிசு லீ ஜே-யோங்குக்குச் செய்லில் பெரும்பங்கு, சி அண்ட் டி-யில் பங்கே இல்லை. சி அண்ட் டி-யின் சிறு பங்குதாரர்கள் நஷ்டம் என்றார்கள். ஆனால் பங்கு கைமாறும் விகிதத்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்கலாம். பழைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. லீ மீதான குற்ற வழக்கில் 2025-இல் விடுதலை உறுதியானது வேறு விஷயம். இந்தியாவில் 166-வது பிரிவு 'உறுப்பினர்கள் அனைவரின் நன்மை' என்று ஏற்கெனவே சொல்கிறது.

கேள்வி: போர்டு கூட்டம் நடத்தாமலே மினிட்ஸ் எழுதிவிடுகிறோம். எல்லோரும் செய்வதுதானே?
– வாசகர், சிவகாசி

பதில்: செய்கிறார்கள், மாட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆண்டுக்கு நான்கு கூட்டம், இரண்டுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது, ஏழு நாள் நோட்டீஸ், குறைந்தது இரண்டு இயக்குநர்கள். சிறு நிறுவன வரையறைக்குள் வந்தால் அரையாண்டுக்கு ஒன்று போதும். நடுவே 90 நாள் இருக்கவேண்டும். ஒரே மாலையில் நான்கு மினிட்ஸ் எழுதும்போது, அந்தத் தேதியில் மைத்துனர் துபாயில் இருந்தார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. பாகப்பிரிவினைத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தப் பாஸ்போர்ட் நகலைத்தான். மைத்துனர் வீடியோவில் கலந்துகொள்ளலாம். பதிவை மட்டும் வைத்திருங்கள். மினிட்ஸை 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற்றவேண்டும்.

கேள்வி: டேலி கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (திருத்தங்களைப் பதியும்) வசதியை நிறுத்தி வைக்கலாமா? வேலை மெதுவாகிறது என்கிறார் அக்கவுண்டன்ட்.
– வாசகர், ராஜபாளையம்

பதில்: கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும், நிறுத்த முடியாத வசதியுள்ள மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு வைக்கவேண்டும். ஆண்டு முழுக்க அது இயங்கியதா என்று ஆடிட்டர் தம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் போலவே பதிவையும் எட்டு ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும். மெதுவாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டுங்கள்.